கையெழுத்துக்கு முன்னே ஒரு சொல்

ஒரு மாலைப் பொழுது. மலாக்கா, தெங்கேராவில் உள்ள பழைய வரிசை வீடு ஒன்றின் ஐந்தடியில் தாத்தா நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். படிவம் நான்கில் பயிலும் பேத்தி பள்ளிப்பையை இறக்கி வைத்ததும் ஒரு தாளை அவளிடம் நீட்டினார்.

“இதில் நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பார்த்துச் சொல்லம்மா. தோட்டத்தில் என்னோடு மரம் சீவிய கூட்டாளியின் மகன் வியாபாரத்துக்கு வேன் வாங்குகிறான். கடன் தாளுக்குச் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டுமாம்.”

பேத்தி தாளை இரண்டு முறை படித்தாள்.

“தாத்தா, சாட்சிக்குக் கீழே ‘சக்சி’ என்று தனியாக இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே உங்கள் பெயர் இல்லை. உங்கள் பெயர் இருப்பது ‘பெஞ்ஜாமின்’ என்ற இடத்தில்.”

“இரண்டும் ஒன்றுதானேம்மா? பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவதுதானே?”

மாணவர்களே, தாத்தாவின் கேள்வி சிறியது. ஆனால், அதற்குத் தவறான விடையை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் பலர் தங்கள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். சட்டத்தாளில் உள்ள சொற்கள் கடினமானவை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அவற்றுள் பல நம் வீட்டில் புழங்கும் சொற்களின் உறவினர்கள் என்பதை அறிவதில்லை. அந்த உறவை அறிந்துகொள்வோம். பிறகு தாத்தாவின் தாளுக்குத் திரும்புவோம்.

கண்ணால் கண்டவரும் கட்டுப்பட்டவரும்

‘சாட்சி’ என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். ‘கண்ணோடு கூடியவர்’ என்பது அதன் அடிப்படைப் பொருள். நடந்ததைத் தம் கண்ணால் கண்டவர் எவரோ அவரே சாட்சி. இதே வடமொழிச் சொல்தான் மலாயில் ‘சக்சி’ ஆயிற்று.

தமிழில் இதற்கு இன்னும் பழைய சொற்கள் உண்டு. ஒன்று ‘கரி’. திருக்குறளில் 25ஆம் குறளில் இச்சொல் சாட்சி என்னும் பொருளில் வருகிறது. மற்றொன்று ‘சான்று’. நிறைதல், போதியதாதல் என்று பொருள்படும் ‘சால்’ என்னும் வேரிலிருந்து இது பிறந்தது. குணங்களால் நிறைந்தவரைச் ‘சான்றோர்’ என்கிறோம். ஒரு செய்தியை ஏற்றுக்கொள்ளப் போதுமானதாக இருப்பதைச் ‘சான்று’ என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

‘ஜாமீன்’ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பொறுப்பேற்பவர் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே அதன் மூலம். பாரசீகம், இந்துஸ்தானி வழியாக அது தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்கு வந்து ‘ஜாமீன்’ ஆயிற்று. மலாயில் ‘ஜாமின்’ ஆயிற்று. ‘பெஞ்ஜாமின்’ என்றால் ஜாமீன் நிற்பவர். இதற்குரிய நல்ல தமிழ்ச் சொல் ‘பிணை’. பிணைத்தல் என்றால் கட்டுதல். மாட்டைக் கயிற்றால் பிணைக்கிறோம். பிணை நிற்பவர் தம் சொல்லால் தம்மையே கட்டிக்கொள்கிறார். மலாயிலும் நீதிமன்றப் பிணையை ‘ஈக்காட் ஜாமின்’ என்கிறார்கள். ‘ஈக்காட்’ என்றாலும் கட்டுதான்.

எனவே வேறுபாடு தெளிவாகிறது. “நான் பார்த்தேன்” என்று சொல்பவர் சாட்சி. “அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்” என்று சொல்பவர் பிணையாளி. நமது நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதை உறுதிப்படுத்துகிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கடன் பெற்றவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு பிணையாளிக்கும் உண்டு.

கப்பலில் வந்த சொற்கள்

சாட்சியும் சக்சியும், ஜாமீனும் ஜாமினும் இப்படி ஒத்திருப்பது தற்செயலன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா, கீழை உலகின் பெரும் துறைமுகங்களுள் ஒன்று. குஜராத்தியர், தமிழர், வங்காளியர், சாவகர், சீனர் எனப் பல நாட்டு வணிகர்கள் இங்கே கூடினர். வணிகம் இருக்கும் இடத்தில் கடன் இருக்கும். கடன் இருக்கும் இடத்தில் சச்சரவும் இருக்கும். அதைத் தீர்க்கச் சட்டமும் அதிகாரிகளும் தேவைப்பட்டனர்.

மலாக்காவில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வந்த வணிகர்களைக் கவனித்துக்கொண்டனர். ‘ஷாபண்டார்’ என்னும் பாரசீகச் சொல்லுக்குத் ‘துறைமுகத்தின் அரசர்’ என்பது பொருள். அரசருக்கு அடுத்த உயர்ந்த பதவி ‘பெண்டஹாரா’. கருவூலத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல் இதன் மூலம். தமிழில் நாம் வழங்கும் ‘பண்டாரம்’, ‘பண்டகசாலை’ ஆகியவை இதன் உறவுச் சொற்கள். 1511ஆம் ஆண்டு போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பிறகு, இந்தப் பதவியை நைனா சட்டு என்னும் தமிழ் வணிகருக்கு அளித்தார்கள் என்பது வரலாறு.

மலாக்காவின் சட்டத் தொகுப்புக்கு ‘ஹுக்கும் கானூன் மலாக்கா’ என்று பெயர். கடல் பயணத்துக்கென்று தனிச் சட்டத் தொகுப்பும் இருந்தது. அதன்படி, நடுக்கடலில் கப்பல் தலைவனுக்கு ஓர் அரசனுக்குரிய அதிகாரம் உண்டு.

‘கானூன்’ என்ற சொல்லின் பயணம் நீண்டது. கிரேக்க மொழியில் அது நேரான அளவுகோலைக் குறித்தது. அங்கிருந்து அரபுக்குச் சென்று ‘சட்டம்’ என்னும் பொருளைப் பெற்றது. அரபிலிருந்து மலாய்க்கு வந்தது. அபராதத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘டெண்டா’. இது கோல் என்று பொருள்படும் ‘தண்டம்’ என்னும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் ‘தண்டம் கட்டினேன்’, ‘தண்டனை பெற்றான்’ என்று சொல்கிறோம். தமிழரோ நேர்மையான ஆட்சியைச் ‘செங்கோல்’ என்றும் நேர்மை தவறிய ஆட்சியைக் ‘கொடுங்கோல்’ என்றும் அழைத்தனர். செம்மை என்பது வளையாத தன்மை. கொடுமை என்பது வளைவு. கிரேக்கர், வடமொழியாளர், தமிழர் ஆகிய மூவரும் நீதியை நினைத்தபோது அவர்கள் மனத்தில் தோன்றியது ஒரு கோல். அளப்பதும் அதுவே, அடிப்பதும் அதுவே. அது நேராக இருக்க வேண்டும் என்பதே அனைவரின் எதிர்பார்ப்பு.

இன்னும் இரண்டு சொற்களைப் பார்ப்போம். வழக்கு விசாரணையை மலாயில் ‘பெர்பிச்சாராஆன்’ என்பர். இதன் அடிச்சொல் ‘பிச்சாரா’. ஆராய்தல், சிந்தித்தல் என்னும் பொருள்கொண்ட ‘விசாரம்’ என்ற வடமொழிச் சொல்லே ‘பிச்சாரா’ ஆனது. தமிழில் அது ‘விசாரணை’ ஆனது. மலாயில் சிறைச்சாலைக்குப் ‘பெஞ்சாரா’ என்று பெயர். இதன் மூலமான ‘பஞ்சரம்’ பறவைக்கூண்டைக் குறிக்கும். தமிழிலும் ‘கிளிப்பஞ்சரம்’ என்ற வழக்கு உண்டு. நாம் பயன்படுத்தும் ‘சிறை’ என்னும் சொல்லுக்கோ அடைத்து வைக்கும் இடம் என்ற பொருளோடு, பறவையின் இறகு என்ற பொருளும் இருக்கிறது.

மலாக்காவில் வாழும் செட்டி சமூகத்தினர், அக்காலத் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். இந்து சமயத்தைப் பின்பற்றும் இவர்களின் வீட்டுமொழி மலாய். செட்டி வீட்டுப் பாட்டி ‘சக்சி’ என்று சொல்வதும் தோட்டத்துப் பாட்டி ‘சாட்சி’ என்று சொல்வதும் ஒரே சொல்லைத்தான்.

நம் ஊரின் பெயரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘தெங்கேரா’, அரண் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. அந்த அரண் இன்று இல்லை. அதைக் கட்டியவர்களின் சொல் மட்டும் பேருந்துப் பலகையிலும் கடிதங்களின் முகவரியிலும் நிலைத்துவிட்டது.

மன்றும் வழக்கும்

தமிழின் சொந்தச் சட்டச்சொற்களும் ஒரு சமூகத்தின் வாழ்க்கையைக் காட்டுகின்றன. ‘நீதிமன்றம்’ என்பதில் உள்ள ‘மன்றம்’, ‘மன்று’ என்பவை ஊர் மக்கள் கூடும் பொதுவெளியைக் குறித்தன. அங்கே எல்லாருடைய கண் முன்னிலையிலும் சச்சரவுகள் தீர்க்கப்பட்டன. ஆங்கிலத்தின் ‘கோர்ட்’ என்ற சொல்லோ, சுற்றிலும் அடைக்கப்பட்ட முற்றத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

‘வழக்கு’ என்னும் சொல் ‘வழங்கு’ என்பதோடு தொடர்புடையது. ஊரில் வழங்கி வருவது வழக்கம். மக்கள் பேசும் முறை பேச்சு வழக்கு. நீதிமன்றத்தில் தொடுப்பதும் வழக்கு. எழுதிய சட்டங்கள் குறைவாக இருந்த காலத்தில், “இதுநாள்வரை ஊரில் எது வழங்கி வந்தது?” என்ற கேள்வியே நீதியின் தொடக்கமாக இருந்தது. மலாய்க்காரர் ‘ஆடாட்’ என்று கூறுவதும் இத்தகையதே. பழக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல் அது. மலாக்காவின் நானிங் பகுதியில் ‘ஆடாட் பெர்ப்பாத்தே’ மரபு பின்பற்றப்படுவதை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கலாம்.

ஓலையும் தற்குறியும்

சொத்துத் தாளைப் ‘பத்திரம்’ என்கிறோம். ‘பத்திரம்’ என்றால் இலை. அதற்குப் பழைய பெயர் ‘ஓலை’, அதுவும் இலையே. பனையோலையில் எழுதிய காலம் மறைந்து தாளும் கணினியும் வந்த பின்னும் சொல் இலையாகவே இருக்கிறது.

பழந்தமிழர் ஓலையை எவ்வளவு கவனமாகக் கையாண்டனர் என்பதை, சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் காட்டுகிறது. சுந்தரரின் திருமண நாளில் ஒரு முதியவர் வந்து, “இவர் எனக்கு அடிமை, இவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் உள்ளது” என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். முதியவரோ, கிழிந்தது படியோலைதான் என்றும் மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் கூறுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையினர், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டிலும் உள்ள எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புக் கூறுகிறார்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்று வகைச் சான்றுகள் அங்கே பேசப்படுகின்றன. இன்றைய மொழியில் சொன்னால் அனுபவ உரிமை, பத்திரம், நேரில் கண்டவர் சாட்சியம். இறைவனின் அருளைச் சொல்ல வந்த நூல் அது. எனினும் மூலமும் நகலும் வேறு, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்னும் நடைமுறைகள் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே மக்களுக்குத் தெரிந்திருந்ததை அதன்வழி அறிகிறோம்.

எழுதத் தெரியாதவர் என்ன செய்தார்? ஓலையில் தம் அடையாளமாக ஒரு குறியை இட்டார். ‘இது இன்னாருடைய குறி’ என்று எழுதத் தெரிந்த மற்றொருவர் அதற்குக் கையெழுத்திட்டார். தன் குறி என்பதே ‘தற்குறி’. பிறகு, குறியிட்ட மனிதரையே அந்தச் சொல் சுட்டலாயிற்று. இன்று அது ஏதும் அறியாதவரை இகழும் சொல்லாகிவிட்டது. ‘கைநாட்டு’ என்ற சொல்லுக்கும் அதே நிலை நேர்ந்தது. பெருவிரல் ரேகையைப் பதிப்பதற்குப் பெயராக இருந்தது, படிப்பறிவு இல்லாதவருக்குப் பெயராயிற்று.

நம் முன்னோர் இந்த இரண்டு சொற்களின் கனத்தையும் அறிந்தவர்கள். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். அக்காலத்தில் ‘இண்டெஞ்சர்’ என்னும் ஒப்பந்த முறை நடப்பில் இருந்தது. பல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. முன்னாளில் ஐரோப்பாவில் ஓர் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டனர். இரு பாதிகளின் பற்களும் பொருந்தினால் ஒப்பந்தம் உண்மையானது. இரு தரப்பாரும் சமமாகக் காக்கப்பட வேண்டும் என்பதே அந்த வெட்டின் நோக்கம். ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி கைநாட்டு வைத்தபோது, தாளில் இருந்ததை அவரால் சரிபார்க்க இயலவில்லை. மலாயாவில் அந்த முறை 1910ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது.

‘கூலி’ என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். உழைப்புக்குத் தரும் ஊதியமே கூலி. அந்தச் சொல் ஆங்கிலத்திலும் மலாயிலும் உழைப்பவரின் பெயராகவே வழங்கியது.

மீண்டும் ஐந்தடியில்

இப்போது தாத்தாவிடம் வருவோம். பேத்தி இந்தச் சொற்களின் வேறுபாட்டைத் தனக்குத் தெரிந்த அளவில் அவருக்கு விளக்கினாள்.

“அப்படியென்றால், அவன் கட்டாவிட்டால் என்னிடம் வருவார்களா?”

“வருவார்கள், தாத்தா. நீங்கள் கட்டுவதாகத்தான் இங்கே எழுதியிருக்கிறது.”

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவருடைய கவலையில் நியாயம் உண்டு. கடனைக் கட்ட இயலாதவர் ‘திவால்’ ஆனதாக அறிவிக்கப்படலாம். மலாயில் அதை ‘முஃப்லிஸ்’ என்பர். செப்புக்காசுகளைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் என்ற அரபு வழக்கிலிருந்து வந்த சொல் இது. முன்பு பிணையாளிகளும் இந்நிலைக்கு ஆளாயினர். 2017ஆம் ஆண்டு அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு அளித்தது. கல்விக் கடன், சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனத் தவணை, குடியிருக்கும் வீட்டுக்கான கடன் ஆகியவற்றுக்கு ஆதாயம் கருதாமல் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. மற்றப் பிணையாளிகளைப் பொறுத்தவரை, கடன் பெற்றவரிடமிருந்து பணத்தை மீட்கும் எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டு, நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்ற பின்னரே அந்த நடவடிக்கையைத் தொடங்க முடியும். ஆயினும் இந்தத் திருத்தம் கடனை அழித்துவிடவில்லை. பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம். மேலும், தாத்தாவின் கூட்டாளியின் மகன் வேன் வாங்குவது வியாபாரத்துக்காக. முதலில் சொன்ன பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது.

தாத்தா சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“என் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. தோட்ட ஆபீசில் காட்டிய இடத்தில் எல்லாம் கைநாட்டு வைத்தார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்துப் போடத் தெரியும் என்று எனக்குப் பெருமை. ஆனால் இன்றைக்கு நானும் காட்டிய இடத்தில்தானே போட இருந்தேன்?”

“அதனால்தான் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, தாத்தா.”

தாத்தா தாளை மடித்துப் பேத்தியின் கையில் கொடுத்தார்.

“அந்தப் பையன் நல்லவன். அதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். பிணை நிற்பது வேறு. நாளைக்கு அவனை வரச் சொல். மொத்தக் கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், அவனுக்கு வருமானம் எவ்வளவு என்று மூவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். என்னால் தாங்க முடியும் என்றால் போடுகிறேன். முடியாது என்றால் அதையும் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.”

பேத்தி ஒரு பென்சிலை எடுத்து, தாளில் இருந்த ‘பெஞ்ஜாமின்’ என்ற சொல்லுக்கு மேலே சிறிய எழுத்தில் ‘பிணை’ என்று எழுதினாள்.

அருஞ்சொற்பொருள்

கரி – சாட்சி
சால்தல் – நிறைதல், போதியதாதல்
பிணை – கட்டு. மற்றொருவருக்காக ஏற்கும் பொறுப்பு
மன்று – ஊர் மக்கள் கூடும் பொதுவெளி
படியோலை – நகல்
தற்குறி – எழுதத் தெரியாதவர் இடும் அடையாளம்
பஞ்சரம் – பறவைக்கூண்டு

சிந்தித்து விடையளி

1. சாட்சிக்கும் பிணையாளிக்கும் உள்ள வேறுபாட்டை, அச்சொற்களின் அடிப்படைப் பொருளைக் கொண்டு விளக்குக.
2. சட்டத்தையும் நீதியையும் குறிக்கும் சொற்கள் பல ‘கோல்’ என்னும் பொருளிலிருந்து தோன்றியிருப்பது எதனைக் காட்டுகிறது?
3. ‘தற்குறி’, ‘கைநாட்டு’ ஆகிய சொற்கள் இகழ்ச்சிப் பொருளைப் பெற்றது நியாயமா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. “இன்றைக்கு நானும் காட்டிய இடத்தில்தானே போட இருந்தேன்?” என்று தாத்தா கூறியதன் உட்கருத்து யாது?
5. உன் வீட்டில் உள்ள பழைய தாள் ஒன்றைப் பெற்றோரின் அனுமதியுடன் பார்வையிடுக. அதில் உனக்குப் பொருள் விளங்காத மூன்று சொற்களைக் குறித்து, அவற்றின் பொருளையும் மூலத்தையும் அகராதியின் துணையுடன் கண்டறிந்து வகுப்பில் கூறுக.